குடைத் தாத்தாவின் மீசை: ஒரு மாக்கெட் உருவான விதம்

முன்னாலிருந்து பார்த்தால் தாத்தாவின் மீசை இரண்டு கன்னங்களையும் தாண்டி வெளியே நீண்டிருந்தது. பக்கவாட்டுப் படத்தில் அதே மீசை மூக்கு நுனிக்கும் முன்னால் துருத்திக்கொண்டு நின்றது. முக்கால் பக்கம் திரும்பிய படத்தில் வாயை மூடிக்கொண்டு கீழே தொங்கியது. மூன்றையும் வரைந்தவர் ஒரே ஆள்தான். மூன்றுமே அழகாக இருந்தன. ஆனால் மூன்றுக்கும் பொருந்துகிற ஒரு மீசையை யாராலும் செய்ய முடியாது.

வரைந்தவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தாளில் அப்படி ஏமாற்றுவது ஒரு சாமர்த்தியம். மிக்கி மவுஸ் எந்தப் பக்கம் திரும்பினாலும் இரண்டு காதும் வட்டமாகவே தெரியும். நிஜத் தலையில் அப்படிக் காது வைக்க வழியே கிடையாது. கையால் வரையும் படத்தில் அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. த்ரீடி படத்திலோ, மீசை எங்கே முளைக்கிறது, எவ்வளவு முன்னால் வருகிறது, எங்கே வளைகிறது என்று யாராவது ஒருவர் உட்கார்ந்து ஒரே பதிலாகச் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலைக் களிமண்ணில் சொல்வதுதான் மாக்கெட்: கதாபாத்திரத்தின் சிறிய மாதிரிச் சிலை.

இது கம்ப்யூட்டர் வருவதற்கு வெகு முன்பே வந்த பழக்கம். டிஸ்னி ஸ்டூடியோவில் 1930களின் இறுதியில் ஜோ கிராண்ட் என்பவர் தலைமையில் இதற்கென்றே ஒரு பிரிவு இருந்தது. 1940இல் வெளிவந்த ‘பினோக்கியோ’வுக்காக அங்கே பாத்திரங்களைக் களிமண்ணில் செய்து, அச்சு எடுத்து, பிளாஸ்டர் பிரதிகளை வார்த்தார்கள். வரைகிறவர்கள் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வரைந்தார்கள். அந்தப் பிரிவில் வேலை செய்த வா சாங் என்ற இளம் சிற்பி, கைகால் அசைகிற மாதிரிகளும் செய்து கொடுத்தார். அப்புறம் 1997இல் பிக்ஸார் ‘கெரிஸ் கேம்’ என்ற குறும்படத்தை எடுத்தபோது, அந்தக் கிழவரின் தலையை முதலில் களிமண்ணில் செய்து, அதை அளந்துதான் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோனார்கள். பார்த்து வரைய ஒரு பொம்மை என்று தொடங்கியது, அளந்து ஏற்ற ஒரு பொம்மையாக மாறிவிட்டது. களிமண் வேலை அப்படியேதான் இருக்கிறது.

எனக்கு வந்த வேலையும் ஒரு கிழவர்தான். சென்னையில் ஒரு சிறிய குழு எடுக்கும் குறும்படம். தெருத்தெருவாகப் போய்க் குடை ரிப்பேர் செய்யும் தாத்தா. பெரிய தொப்பை, குச்சிக் கால்கள், மடித்துக் கட்டிய வேட்டி, கழுத்தில் துண்டு, தோளில் ஒரு ஜோல்னாப் பை, பைக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும் உடைந்த குடைகள். உயரம் 30 செ.மீ. வேண்டும் என்றார்கள். பிரதி மூன்று: ஒன்று ஸ்கேன் செய்ய, ஒன்று இயக்குநரின் மேசைக்கு, ஒன்று வெளிச்சம் வைத்துப் பார்க்க.

அந்த ‘மூன்று’ என்ற எண்தான் வேலை முறையையே முடிவு செய்தது. ஒன்று போதும் என்றால், அடுப்பில் சுட்டால் கெட்டியாகிவிடும் பாலிமர் களிமண்ணில் செய்து அப்படியே கொடுத்துவிடலாம். அச்சு, வார்ப்பு என்ற தலைவலியே இல்லை. சுவாமிமலையில் மெழுகை உருக்கி வெளியேற்றி வெண்கலம் வார்க்கும்போது, அச்சை உடைத்துத்தான் சிலையை வெளியே எடுப்பார்கள். ஒரு அச்சுக்கு ஒரு சிலை. கொலு பொம்மை செய்கிறவர்களுக்கோ ஒரே அச்சு ஒரு சீசன் முழுக்க உழைக்க வேண்டும். எனக்கு வேண்டியது கொலு பொம்மைக்காரர்களின் கணக்கு. அந்தக் கணக்கில் அச்சு பிரிய வேண்டும், பொம்மை மாட்டிக்கொள்ளாமல் வெளியே வர வேண்டும். களிமண்ணைத் தொடும் முன்பே இதை யோசித்திருக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை.

நிற்கும் விதம்

இயக்குநர் முதலில் நடக்கும் கோலத்தில் கேட்டார். ஒரு கால் தரையில், ஒரு கால் காற்றில். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் கம்ப்யூட்டரில் த்ரீடி மாடல் செய்கிறவருக்கு உதவாது. மடங்கிய முழங்காலில் வேட்டி எப்படி விழுகிறது என்று தெரியுமே தவிர, கால் எவ்வளவு நீளம் என்று தெரியாது. மறுபக்கம், மாடல் செய்கிறவர் கேட்டது கைகளை விரித்துக்கொண்டு விறைப்பாக நிற்கும் கோலம். அதில் அளவு கிடைக்கும், ஆள் கிடைக்க மாட்டார்.

நம் சிற்ப மரபில் இதற்கு மூன்று பெயர்கள் உண்டு. இரண்டு காலிலும் சமமாக எடை போட்டு நிமிர்ந்து நிற்பது சமபங்கம். ஒரு காலில் எடையைச் சாய்த்து லேசாக வளைந்து நிற்பது அபங்கம். தலை, இடுப்பு, கால் என்று மூன்று இடத்தில் வளைவது திரிபங்கம். தாத்தாவுக்கு அபங்கம் என்று முடிவு செய்தோம். பை தொங்கும் வலது தோள் சற்று இறங்கியிருக்கும், இடது காலில் எடை, தலை கொஞ்சம் முன்னால். அளவும் கெடாது, ஆளும் தெரிவார்.

உயரக் கணக்கிலும் சிற்பிகளின் பழக்கம் கை கொடுத்தது. அவர்கள் முகத்தின் நீளத்தை ஒரு தாளம் என்று வைத்துக்கொண்டு முழு உருவத்தையும் அதால் அளப்பார்கள். பெருந்தெய்வங்களுக்குப் பத்துத் தாளம், பிள்ளையாருக்கு ஐந்து. கார்ட்டூன்காரர்கள் ‘எத்தனை தலை உயரம்’ என்று கேட்பதும் கிட்டத்தட்ட இதே கேள்விதான். எங்கள் தாத்தா நான்கு தலை. 30 செ.மீ. உருவத்தில் தலை மட்டும் ஏழரை. படங்களை அதே அளவில் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டினேன். இரு முனைக்கு நடுவே அளவெடுக்கும் காலிப்பரைச் சுவரில் வைத்து அளந்து களிமண்ணில் வைத்துப் பார்ப்பது, திரும்பச் சுவருக்குப் போவது என்று நாள் முழுக்க நடை.

உள்ளே எலும்புக்கூடு வேண்டும். 3 மி.மீ. அலுமினியக் கம்பியை இரட்டையாக மடித்து, ஒரு முனையை டிரில்லில் மாட்டி முறுக்கினால் நல்ல உறுதி வரும். கால் கம்பிகளை 12 மி.மீ. பிளைவுட் பலகையில் துளை போட்டு இறக்கி, அடியில் மடக்கி அறைந்தேன். இடுப்பிலும் தோளிலும் எம்-சீல். தொப்பைக்கு அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டி வைத்தேன். அங்கே முழுக்கக் களிமண் என்றால் எடை தாங்காது, விலையும் தாங்காது.

களிமண் என்று சொன்னாலும் இது குயவர் மண் இல்லை. எண்ணெயும் மெழுகும் கலந்த பிளாஸ்டிசின் வகை. தண்ணீர் மண் போலக் காய்ந்து வெடிக்காது. ஆனால் மே மாதச் சென்னையில் அது வெண்ணெய். காலையில் செதுக்கிய மூக்கு மதியம் இரண்டு மணிக்கு மேலுதட்டில் உட்கார்ந்திருக்கும். தலையை மட்டும் தனிக் கம்பியில் செய்து, ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து வேலை செய்தேன். தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிழவர் முறைத்துக்கொண்டிருப்பதை வீட்டில் யாரும் ரசிக்கவில்லை. இந்தச் சூட்டுக்காகத்தான் நான் ஒரு காரியம் செய்தேன். உருவத்தின் உள்பகுதியைப் புதிதாக வாங்கிய பாக்கெட் களிமண்ணால் கட்டினேன். முகத்தின் மேல்தோலுக்கு மட்டும், என்னிடம் வருஷக்கணக்காக ஒரு டப்பாவில் கிடந்த பழைய, கொஞ்சம் கடினமான களிமண்ணைப் பயன்படுத்தினேன். அதில் கண் இமையின் விளிம்பு கத்தி போல நிற்கும். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

மீசை

மீசைக்கு மட்டும் மூன்று நாள். ஒவ்வொரு படத்துக்கும் உண்மையாக ஒன்று என மூன்று மீசைகளைத் தனித்தனியாகச் செய்தேன். ஒவ்வொன்றையும் முகத்தில் ஒட்டி, சுழல் பலகையில் வைத்துத் திருப்பி, 16 கோணங்களில் போனிலேயே படம் எடுத்து இயக்குநருக்கு அனுப்பினேன். பக்கவாட்டுப் படத்தின் மீசை, முன்னாலிருந்து பார்த்தபோது மூக்கின் கீழ் ஒட்டிய வெறும் பிரஷ்ஷாகத் தெரிந்தது. முன்பக்கப் படத்தின் மீசை, பக்கவாட்டில் கன்னத்தோடு கரைந்து காணாமல் போனது.

கடைசியில் நின்ற வடிவம் இதுதான்: மூக்குத் துளைக்குக் கீழே முளைத்து, 6 மி.மீ. முன்னால் வந்து, அங்கிருந்து வெளிப்பக்கமாக வளைந்து, நுனி கன்னத்தைத் தாண்டியதும் சற்றே மேலே ஏறும். முன்பக்கப் படம் சொன்னது கிட்டத்தட்ட அப்படியே கிடைத்தது. பக்கவாட்டில் மீசை மூக்கைத் தாண்டவில்லை.

இயக்குநர் ஸ்டூடியோவிலிருந்து நேராக வந்து பார்த்தார். சுழல் பலகையை நாலு சுற்றுச் சுற்றினார்.

“அண்ணா, சைடுல பாத்தா அவர் சண்டைக்காரர் மாதிரி இருப்பார். இப்ப சாதுவாயிட்டாரே.”

அவர் சொன்னது சரிதான். அந்த முறைப்பு மீசையின் துருத்தலில்தான் இருந்தது. அதை எடுத்துவிட்டால் வேறெங்காவது திருப்பித் தர வேண்டும். தாடையை 3 மி.மீ. முன்னால் தள்ளி, கீழுதட்டை அதன்மேல் ஏற்றினேன். பக்கவாட்டில் சண்டைக்காரர் திரும்பி வந்தார், வேறு வழியாக. மாக்கெட்டில் எனக்குப் பிடித்த வேலை இந்த ஈடுகட்டல்தான். படத்தில் இருப்பதை அப்படியே பெயர்த்துத் தருகிறவர் வேண்டுமென்றால் அச்சடிக்கும் இயந்திரமே போதும். படம் என்ன உணர்ச்சியைத் தந்தது என்று கண்டுபிடித்து, அதை வேறு இடத்தில் வைக்கத் தெரிய வேண்டும்.

பதினோரு நாளில் சிலை முடிந்தது. படத்துக்குப் பணம் ஏற்பாடாகவில்லை என்று வேலை நின்றது. தாத்தா ஐந்து மாதம் பிளாஸ்டிக் கவருக்குள் பரணில் இருந்தார். எண்ணெய்க் களிமண் என்பதால் ஒன்றும் ஆகவில்லை. திரும்ப அழைப்பு வந்தபோது ஐப்பசி மழை தொடங்கியிருந்தது.

வெட்டு

சினிமா செட்டுகளுக்குப் பெரிய பெரிய சிலைகளை பைபரில் வார்த்துக் கொடுக்கும் ஒரு அண்ணன் எனக்குப் பழக்கம். முப்பது வருஷ அனுபவம். சிலையைக் காட்டி மோல்டுக்கு யோசனை கேட்டேன். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, “இத எங்க வெட்டப் போற?” என்றார். எனக்குப் பதில் இல்லை.

“தம்பி, வெட்டற இடத்த மண்ணு போடறப்பவே முடிவு பண்ணிடணும். இப்ப கேட்டா, எங்க வெட்டினாலும் தழும்புதான்.”

ஒரே துண்டாக இந்த உருவத்தை அச்சிலிருந்து எடுக்க முடியாது. பைக்கும் விலாவுக்கும் நடுவே ஒரு பொந்து. கைக்கும் தொப்பைக்கும் நடுவே இன்னொன்று. சிலிக்கான் ரப்பர் வளைந்து கொடுக்கும்தான், ஆனால் மெல்லிய விரல்கள் அதற்குள் ஒடிந்துவிடும். அதனால் களிமண் உருவத்தையே வெட்டித் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு எடுத்து, வார்த்த பின் ஒட்டுவார்கள். வெட்டிய இரு முகங்களிலும் ஒரு முளையும் அதற்கேற்ற குழியும் வைத்துவிட்டால், திரும்ப அதே இடத்தில் கச்சிதமாக உட்காரும்.

எங்கே வெட்டுவது என்றால், இயற்கையாகவே ஒரு கோடு இருக்கும் இடத்தில். நல்லவேளையாக இந்தக் கிழவர் துணிமணியோடு வந்திருந்தார். தலையைக் கழுத்துத் துண்டுக்குக் கீழே வெட்டினோம், துணி மடிப்பு ஒட்டை மறைத்துவிடும். வலது கையைப் பையின் வார் போகும் கோட்டில். இடது கையைச் சட்டையின் அரைக்கை விளிம்பில். பையும் குடைகளும் தனி. உடம்பும் வேட்டியும் கால்களும் ஒரே துண்டு. ஒரு இடத்தில் மட்டும் வழியில்லாமல் சட்டையின் நடுவில் வெட்ட வேண்டியிருந்தது. அண்ணன் சொன்ன தழும்பு அதுதான். பிறகு மூன்று பிரதியிலும் அதைத் தேய்த்துச் சரிசெய்யவே பிரதிக்கு அரைநாள் ஆனது. களிமண் வேலையின்போதே அங்கே ஒரு பொத்தான் பட்டையை வைத்திருந்தால் அரை மணி நேரம்.

ஒட்டிக்கொண்ட முகம்

முதலில் தலை. 4 அங்குல பிவிசி குழாயில் ஒரு துண்டை வெட்டி நிறுத்தி, தலையை நடுவில் வைத்து, சுற்றிலும் சிலிக்கான் ஊற்றினேன். சுமார் 800 கிராம் பிடித்தது. பிளாட்டினத்தின் உதவியால் இறுகும் வகை சிலிக்கான். சுருங்காது, வருஷக்கணக்கில் அச்சு கெடாது. விலை மட்டும் கையைக் கடிக்கும். இந்த வகைக்கு ஒரு பயங்கரமான ஒவ்வாமை உண்டு: கந்தகம் பட்டால் இறுகாது. பழைய பாணி சிற்பக் களிமண் பலவற்றில் கந்தகம் இருக்கும். லேட்டெக்ஸ் கையுறை பட்டால்கூடச் சில சமயம் இறுகாமல் போகும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆகவே முன்கூட்டியே சோதித்தேன். களிமண்ணில் ஒரு துண்டை எடுத்து, மேலே ஒரு கரண்டி சிலிக்கான் விட்டு, மறுநாள் பார்த்தேன். அருமையாக இறுகியிருந்தது. சோதனைக்கு எடுத்தது புதிய பாக்கெட் களிமண்.

மறுநாள் குழாயைப் பிரித்தேன். வெளிப்பக்கம் ரப்பர் கெட்டியாக இருந்தது. பின்தலையைக் கீறித் திறந்தால், முகத்தைத் தொட்டுக்கொண்டிருந்த பரப்பு முழுக்கக் கஞ்சி. மூக்கு, இமை, மீசை எல்லாவற்றின்மேலும் பிசுபிசு. பழைய டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். தீப்பெட்டி உரசின வாடை. ஐந்து மாத இடைவெளியில், முகத்துக்கு மட்டும் வேறு களிமண் போட்டதையே மறந்திருந்தேன். சோதனை சரியாகத்தான் நடந்தது, தப்பான பொருளின்மேல்.

இறுகாத சிலிக்கானைத் துணியால் துடைத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பிரஷ்ஷால் கழுவினேன். கழுவியதில் நுணுக்கம் எல்லாம் போனது. 16 கோணப் புகைப்படங்கள் இருந்ததால் முகத்தை மூன்று நாளில் திரும்பக் கொண்டுவர முடிந்தது. இரண்டாவது மூக்கு முதல் மூக்கைவிட நன்றாக வந்தது என்று நினைக்கிறேன். இடது கண் இமை மட்டும் பழையபடி அமையவே இல்லை. வேறு யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

மேலே அக்ரிலிக் லாக்கர் பூசி மூடிவிட்டால் பிளாட்டினம் சிலிக்கானையே மறுபடி ஊற்றலாமே என்று சிலர் சொன்னார்கள். லாக்கரில் ஊசிமுனை அளவு விடுபட்டாலும் அங்கே கஞ்சிதான். இன்னொரு 800 கிராமை வைத்துச் சூதாட எனக்குத் துணிவில்லை. அண்ணன் எப்போதும் பயன்படுத்துகிற, டின் என்னும் வெள்ளீயத்தின் உதவியால் இறுகும் வகைச் சிலிக்கானுக்கு மாறினேன். கந்தகத்தைப் பற்றி அது அலட்டிக்கொள்ளாது. சில வருஷத்தில் அச்சு சுருங்கிப் பொடியத் தொடங்கும் என்பதுதான் குறை. மூன்று பிரதிக்கு அது ஒரு குறையே இல்லை. முதலிலேயே இதை எடுத்திருக்க வேண்டும். எனக்குத் தேவையில்லாத ஆயுளுக்குக் காசு கொடுக்கப் போய் மாட்டிக்கொண்டேன்.

உடம்புக்கு முழுக்க ஊற்றினால் கிலோக்கணக்கில் செலவாகும். அதனால் பிரஷ்ஷால் பூசினேன். முதல் பூச்சு மெலிதாக, ஊதி ஊதி, ஒரு குமிழி இல்லாமல். அடுத்த மூன்று பூச்சும் கெட்டியாக்கும் திரவம் கலந்து, வழியாதபடி. மொத்தம் 7 மி.மீ. கனம். மெல்லிய ரப்பர் தானாக நிற்காது. அதைத் தாங்க வெளியே இரண்டு பாதிகளாகப் பிளாஸ்டர் ஓடு. எலும்பு முறிவுக்குக் கட்டும் பிளாஸ்டர் பேண்டேஜையே உள்ளே வைத்துப் போட்டால் ஓடு லேசாகவும் உறுதியாகவும் வரும். இரு பாதிகள் சேரும் விளிம்பில் வாஸ்லின் தடவ வேண்டும். தடவ மறந்தால் இரண்டும் ஒரே ஓடாகிவிடும்.

ஆப்பம்

வார்க்க எடுத்தது பாலியூரிதேன் ரெசின். இரண்டு திரவம், சம அளவு, கலந்தால் மூன்று நிமிஷத்துக்குள் ஊற்றிவிட வேண்டும். அரை மணியில் வெள்ளையாகக் கெட்டிப்படும். அண்ணன் கையாள்வது பாலியெஸ்டர் ரெசின். அது இறுகுவதற்குக் கோபால்ட்டும் ஹார்ட்னரும் சேர்ப்பார். பெரிய உருவங்களுக்கு அது கட்டுப்படியாகும். ஆனால் நாற்றம் அதிகம், சிலிக்கான் அச்சையும் சீக்கிரம் தின்றுவிடும். முக்கியமாக, கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் ஒன்றோடொன்று நேராகக் கலக்கவே கூடாது, வெடிக்கும். ரெசினில் ஒன்றை முழுக்கக் கலக்கிய பிறகே மற்றது. புதிதாக வரும் பையன்களுக்கு அண்ணன் சொல்லித்தரும் முதல் பாடம் அது.

முதல் தலையை வார்த்தேன். திறந்து பார்த்தால் ஆப்பம். கன்னம் முழுக்கத் துளைகள், மீசை நுனிகள் பொங்கிய நுரை. கலக்கும்போது காற்று புகுந்திருக்கும் என்று நினைத்து, இரண்டாவது முறை மெதுவாகக் கலக்கினேன். மறுபடி ஆப்பம். மூன்றாவது முறை ரெசின் கெட்டுப்போய்விட்டதோ என்று ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் கொஞ்சம் ஊற்றி வைத்தேன். டம்ளரில் ஓரளவு சுத்தமாக இறுகியது, மேற்பரப்பில் மட்டும் சில குமிழிகள். ஆக, கோளாறு பெரும்பாலும் அச்சில்.

காரணம் இரண்டு, ஒன்றின்மேல் ஒன்று. பாலியூரிதேன் ஈரத்தைக் கண்டால் அதோடு வினைபுரிந்து கரியமில வாயுவை விடும். அந்த வாயுதான் நுரை. வெளியே நாள் முழுக்க மழை, காற்றிலேயே தண்ணீர், திறந்து வைத்த டப்பாவும் அதைக் குடித்திருந்தது. டம்ளரில் தெரிந்த சில குமிழிகள் அதனால். பெரிய குற்றவாளி டின் சிலிக்கான். அது இறுகும்போது துணைப்பொருளாக ஆல்கஹாலை வெளியிடும், கொஞ்ச நாள் ரப்பருக்குள் ஈரமும் ஆல்கஹாலும் தங்கியிருக்கும். நான் அச்சைப் பிரித்த அன்றைக்கே ரெசினை ஊற்றியிருந்தேன். ஒட்டிக்கொண்ட முகத்தால் போன மூன்று நாளை மிச்சம் பிடிக்க அவசரப்பட்டதன் பலன்.

அச்சுகளை 65 டிகிரியில் நாலு மணி நேரம் சூடு காட்டினேன். சமையலுக்கு வைத்திருக்கும் ஓவனை இதற்குப் பயன்படுத்தக் கூடாது, நான் ஒரு தகரப் பெட்டிக்குள் ஹீட்டர் வைத்துச் செய்துகொண்டேன். ரெசினில் புது டப்பா. ஏசி போட்டு ஈரம் இறங்கிய அறையில் ஊற்றினேன். இங்கே ஒரு சிக்கல்: இந்த ரெசினின் ஆவி நுரையீரலுக்குக் கெடுதல், ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். ஜன்னலைத் திறந்தால் மழை ஈரம். ரசாயன ஆவியை வடிகட்டும் முகமூடியைப் போட்டுக்கொண்டு மூடிய அறையில் ஊற்றிவிட்டு, உடனே வெளியேறி, பிறகு எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டேன். துணி மாஸ்க் எல்லாம் இதற்குப் பிரயோஜனமில்லை.

அச்சுக்குள் டால்கம் பவுடரைத் தூவித் தட்டிவிட்டால் ரெசின் மூலைகளுக்குள் வழுக்கிப் போகும். கை அச்சைத் தலைகீழாக, விரல் கீழே இருக்கும்படி வைத்து ஊற்றினேன். கடைசியில் மீசை நுனிக்கும் முழங்கைக்கும் மட்டும் ஊசியால் காற்று வழி வைக்க வேண்டியிருந்தது. நான்காவது தலை வழுவழுப்பாக வந்தது. அன்று மாலை முகமூடியின் தழும்போடு அண்ணனைப் பார்க்கப் போனேன். தலையை வாங்கி நகத்தால் கன்னத்தைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, “ம்” என்றார். அவரிடம் ‘ம்’ வாங்குவது பெரிய விஷயம்.

உடம்பில் இன்னொரு பாடம் காத்திருந்தது. தொப்பை, பை, தலை எல்லாம் சேர்ந்த எடை 9 மி.மீ. கணுக்கால் இரண்டில் நிற்கிறது. ஒட்டி நிறுத்திய முதல் பிரதியை ஜன்னலோரம் வைத்திருந்தேன். மழைவிட்டு நாலு நாள் நல்ல வெயில். தாத்தா மெல்ல மெல்லக் குனிந்து, நாலாம் நாள் கும்பிடு போடத் தொடங்கினார். இந்த ரெசின் சூட்டில் இளகும், எடை ஒரு பக்கம் இழுத்தால் மெதுவாக வளையும். வெந்நீரில் காலை நனைத்து நிமிர்த்தலாம், மறுபடி குனிவார்.

பக்கத்து சைக்கிள் கடையில் பழைய ஸ்போக் கம்பி வாங்கினேன். காலுக்கு இரண்டு வீதம், ரெசின் ஊற்றுவதற்கு முன்பே அச்சுக்குள் இறக்கி, சிறிய ரெசின் துணுக்குகளால் நடுவில் நிறுத்தி, பாதத்துக்குக் கீழே 2 செ.மீ. நீட்டி விட்டேன். அந்த நீட்டல் மரப் பீடத்தில் துளைக்குள் இறங்கி ஒட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் யாரும் குனியவில்லை. பையில் செருகியிருந்த குடைகளுக்கோ நிஜமான பழைய குடைக் கம்பிகளையே வெட்டிச் செருகினேன். ரெசினில் அவ்வளவு மெல்லிசாக வார்த்தால் உடையும் என்பதுதான் காரணம். கிழவருக்கு அது பொருத்தமாகவும் இருந்தது.

சாம்பல் நிறம்

அச்சுக்கோடுகளைச் சுரண்டி, சோப்பு நீரில் கழுவி, வெட்டுகளை ஒட்டி, மூன்று பிரதிக்கும் மங்கலான சாம்பல் பிரைமர் அடித்தேன். வர்ணம் அடித்துத் தரக்கூடாதா என்று தயாரிப்பாளர் கேட்டார். வர்ணம் வடிவத்தை மறைக்கும். கன்னத்தில் சிவப்புப் பூசினால் அங்கே மேடு இருப்பதாகக் கண் நம்பிவிடும், மேடு இருக்கிறதா என்று தெரியாமலே போகும். சாம்பலில் விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் பொய் சொல்ல இடமில்லை.

ஸ்கேன் பிரதிக்கு மட்டும் இன்னொரு வேலை. புகைப்படங்களிலிருந்து முப்பரிமாண வடிவைக் கணக்கிடும் மென்பொருளுக்கு, பிடித்துக்கொள்ளப் புள்ளிகள் வேண்டும். ஒரே சீரான சாம்பல் அதற்குக் குருட்டுச் சுவர். பல் தேய்க்கும் பிரஷ்ஷில் கறுப்பு வர்ணம் தொட்டு, கட்டைவிரலால் தெறித்தேன். தாத்தாவுக்கு உடம்பெல்லாம் மச்சம். மேகமூட்டமான ஒரு காலையில் மொட்டைமாடியில் வைத்து, மூன்று உயரங்களில் சுற்றிச் சுற்றி 160 படங்கள். நிழல் விழாத வெளிச்சத்தை மழைக்காலம் இலவசமாகத் தந்தது. அது கெடுத்ததற்கு இது ஈடு என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்படிக் கிடைக்கும் ஸ்கேன் அப்படியே அசையாது. அது லட்சக்கணக்கான முக்கோணங்களின் குவியல். மாடல் செய்கிறவர் அதன்மேல், கண்ணையும் வாயையும் சுற்றி வளையங்கள் ஓடும்படி ஒழுங்கான வலையைப் புதிதாக வரைவார். அவர் இடது பாதியைச் செய்து வலது பக்கத்துக்குப் பிரதிபலித்துவிட்டார், பாதி வேலை மிச்சம். வலது புருவம் ஒரு நூல் உயரமாக இருந்தது அதில் போய்விட்டது. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இயக்குநரின் மேசையில் நிற்கும் பிரதியை அவர் எழுந்து போய்ப் பார்த்திருந்தால் இது நடந்திருக்காது. பிறகு இயக்குநரே அதைத் தூக்கிக்கொண்டு போய் அவர் மானிட்டருக்குப் பக்கத்தில் வைத்தார், புருவம் திரும்பி வந்தது.

மூன்று வாரம் கழித்து இயக்குநரிடமிருந்து போன். முதல் காட்சியில் தாத்தா யாரையும் நேராகப் பார்ப்பதில்லை, தரையைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார் என்று கதை மாறிவிட்டதாம். வெளிச்சம் வைத்துப் பார்க்கிற பிரதியில் தலையை இன்னும் கொஞ்சம் குனிய வைக்க முடியுமா என்று கேட்டார். அந்தப் பிரதியில் மட்டும் கழுத்தை நான் பசை போட்டு ஒட்டாமல் முளையில் செருகித்தான் வைத்திருந்தேன். போய், துண்டுக்குக் கீழே தலையைக் கழற்றி, முளையின் முன்பக்கத்தை அரத்தால் ராவி, பின்பக்கம் கொஞ்சம் எம்-சீல் அடைத்துத் திரும்பச் செருகினேன். பத்து நிமிஷம். ஒட்டு துண்டின் மடிப்புக்குள் மறைந்தது.

“இன்னும் கொஞ்சம், அண்ணா” என்றார். கழற்றினேன்.